சிறப்பாகப் பணியாற்றுபவர்களுக்கு மேலாளர் தம் நேரத்தையும் வளங்களையும் ஒதுக்குவது எப்படி?

ஒரு குழுவை வழிநடத்துபவரிடம் அவருடைய நேரம் யாருக்குச் செலவாகிறது என்று கேட்டால், எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் என்று நினைவிலிருந்து பதில் சொல்வார். அந்த நினைவை நம்பாமல், கடந்த நான்கு வாரக் காலண்டரைத் திறந்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிப் பேச்சுக்கும் நீண்ட மின்னஞ்சல் தொடருக்கும் எதிரே அது யாரை முன்னிட்டு நடந்தது என்று ஒரு பெயரை எழுதிப் பாருங்கள். தாமதமான வேலை, வாடிக்கையாளரிடமிருந்து வந்த புகார், இருவருக்கிடையிலான மனக்கசப்பு, மறுபடி மறுபடி திருத்த வேண்டியிருந்த அறிக்கை என்று சிக்கல் எங்கே இருந்ததோ அங்கேதான் நேரம் குவிந்திருக்கும். குழுவிலேயே மிகச் சிறப்பாக வேலை செய்பவரின் பெயர் ஓரிரு இடங்களில் மட்டும் வரும். அவையும் பெரும்பாலும் அவரிடம் இன்னொரு வேலையை ஒப்படைத்த சந்தர்ப்பங்களாக இருக்கும்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. "அவரைப் பற்றிக் கவலையே இல்லை, தானே பார்த்துக்கொள்வார்" என்பதை மேலாளர் பாராட்டாகவே சொல்கிறார். கேட்பவருக்கோ நாளடைவில் அது, தன் வேலையை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை என்பதாகப் படுகிறது. அவர் குறை சொல்லாததால் குறை இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு நாள் ராஜினாமாக் கடிதம் வந்த பிறகுதான், அவருடன் கடைசியாக எப்போது நிதானமாகப் பேசினோம் என்று யோசிக்கத் தொடங்குகிறோம். இந்த நிலையை மாற்றப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மேலாளர் தம் நேரத்தையும் கையில் இருக்கும் வளங்களையும் வேறு முறையில் பங்கிட்டாலே போதும்.

உங்கள் பணியின் தன்மையைப் பாருங்கள்

எல்லா வேலைகளிலும் சிறந்தவருக்கும் சராசரியானவருக்கும் உள்ள தொலைவு ஒரே அளவாக இருப்பதில்லை. எர்னஸ்ட் ஓபாயில், ஹெர்மன் அகினிஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆராய்ச்சியாளர்கள், கலைஞர்கள், அரசியல்வாதிகள், விளையாட்டு வீரர்கள் என 6,33,263 பேரின் செயல்பாட்டை 198 மாதிரிகளாகப் பிரித்து அலசினார்கள். பெரும்பாலோர் நடுவிலும், சிலர் மேலேயும், சிலர் கீழேயும் இருப்பார்கள் என்ற வழக்கமான மணி வடிவக் கணக்கு அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தவில்லை. மிகச் சிலர் மொத்த விளைவில் பெரும் பங்கை அளித்தார்கள், ஏனையோரில் பெரும்பாலோர் சராசரிக்குக் கீழேயே நின்றார்கள். மென்பொருள் எழுதுதல், விற்பனை, வடிவமைப்பு, ஆராய்ச்சி போன்று ஒருவருடைய தீர்மானமும் திறனும் விளைவை நேரடியாக நிர்ணயிக்கும் வேலைகளில் இதை நம்மாலும் காண முடிகிறது. இயந்திரத்தின் வேகமோ வரிசையின் நீளமோ உற்பத்தியை நிர்ணயிக்கும் இடத்தில் அந்தத் தொலைவு சுருங்கிவிடும். உங்கள் குழுவின் வேலை இவற்றில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டால், எவ்வளவு நேரத்தை எங்கே ஒதுக்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

யார் சிறந்தவர் என்பதில் அவசரம் வேண்டாம்

கூட்டங்களில் நன்றாகப் பேசுபவரும், மேலாளரின் அறைக்கு அடிக்கடி வந்துபோகிறவரும் சிறந்தவர்களாகத் தெரிவது இயல்பு. நம்மைப் போலவே யோசிப்பவர், நாம் படித்த துறையில் படித்தவர், நமக்குப் பக்கத்தில் உட்காருபவர் ஆகியோரிடம் கூடுதல் திறமை இருப்பதுபோல் தோன்றுவதும் இயல்பே. வீட்டிலிருந்து வேலை செய்பவரும், இரவுப் பணியில் இருப்பவரும், அதிகம் பேசாதவரும் இந்தக் கணக்கில் விட்டுப்போகிறார்கள். ஆகவே தெரிவைத் தொடங்கும்போது மனதில் முதலில் வரும் பெயர்களை எழுதி ஓரமாக வைத்துவிட்டு, குறைந்தது ஓராண்டுக்கான வேலையை எடுத்துப் பாருங்கள். முடித்த வேலையின் எண்ணிக்கையோடு அதன் கடினத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும். எளிய வாடிக்கையாளர்கள் வாய்த்தவர் டார்கெட்டைத் தாண்டுவதும், கைவிடப்பட்ட வாடிக்கையாளரைத் திரும்பக் கொண்டுவருபவர் டார்கெட்டை எட்டாமல் போவதும் எங்கும் நடப்பதுதான். மகப்பேறு, உடல்நலக் குறைவு, குடும்பப் பொறுப்பு ஆகியவற்றால் ஒரு காலாண்டு தளர்ந்திருந்தால், அதை வைத்து ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்குவது அநியாயம் மட்டுமல்ல, தவறான கணக்கும்கூட.

பிறகு குழுவில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "வேலையில் சிக்கிக்கொண்டால் முதலில் யாரிடம் போவீர்கள்?" இந்தக் கேள்விக்கு வரும் பெயர்கள் பல நேரங்களில் அப்ரைசல் தாளில் மேலே இருக்கும் பெயர்களாக இருப்பதில்லை. சத்தமில்லாமல் பத்துப் பேரின் வேலையை நகர்த்திக்கொண்டிருக்கும் ஒருவர் இந்த வழியில்தான் கண்ணில் படுவார்.

நல்ல எண்களைக் காட்டுகிறவர் மற்றவர்களை எப்படி நடத்துகிறார் என்பதும் தெரிவின் ஒரு பகுதியாக இருக்கட்டும். மைக்கேல் ஹவுஸ்மன், டிலன் மைனர் ஆகியோர் 2015-இல் 11 நிறுவனங்களைச் சேர்ந்த 50,000-க்கும் அதிகமான பணியாளர்களின் தகவல்களை ஆராய்ந்தபோது, நிறுவனத்துக்குத் தீங்கு விளைவிக்கும் நடத்தையுள்ள ஒருவரைத் தவிர்ப்பதால் கிடைக்கும் நன்மை, முதல் 1 சதவீதத்தில் இருக்கும் மிகச் சிறந்த ஒருவரைச் சேர்ப்பதால் கிடைக்கும் நன்மையைப் போல் இரு மடங்குக்கும் அதிகம் என்று கண்டார்கள். அத்தகையவர்கள் வேலை அளவில் மற்றவர்களைவிட அதிகமாகவே செய்கிறார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. மேலாளர்கள் அவர்களைச் சகித்துக்கொள்வதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். சக ஊழியரைக் கூட்டத்தில் அவமதிப்பவருக்கும், பிறர் உழைப்பைத் தன் பெயரில் காட்டுபவருக்கும் கூடுதல் நேரத்தை ஒதுக்கினால், அந்த நடத்தைதான் இங்கே பலிக்கும் என்று மற்ற அனைவரும் புரிந்துகொள்வார்கள். முதலில் நடத்தை சரியாக வேண்டும்; முதலீடு அதற்குப் பிறகுதான்.

இவ்வாறு தேர்ந்த பெயர்களைப் பட்டியலாக அறிவிக்காதீர்கள். அது உங்கள் நேரத்தைத் திட்டமிட உதவும் குறிப்பு மட்டுமே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதிதாக எழுத வேண்டும்.

தனிச் சந்திப்பை எப்படி நடத்துவது

எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் தேவைப்படுவது இதற்குத்தான். சிறந்த பணியாளர் ஒவ்வொருவருடனும் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரங்களுக்கு ஒருமுறையோ முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் வரை ஒரு நிலையான நேரத்தைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அவசரம் வரும்போதெல்லாம் முதலில் ரத்தாவது இந்தச் சந்திப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தவிர்க்க முடியாமல் தள்ளிப்போட நேர்ந்தால் அதே வாரத்துக்குள் வேறு நேரத்தைக் குறித்த பிறகே தள்ளிப்போடுங்கள்.

எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பதற்கு இந்த நேரத்தைப் பயன்படுத்தக் கூடாது. அதை இரண்டு வரி மின்னஞ்சலில் தெரிந்துகொள்ளலாம். கேள்வி எப்படி இருக்கிறதோ அப்படியே பதிலும் இருக்கும் என்பதைக் கணக்குப் பிரிவில் நடக்கக்கூடிய ஒரு சிறு உரையாடலில் பார்க்கலாம். "எல்லாம் நல்லபடியாகப் போகிறதா?" என்று மேலாளர் கேட்டால், "போகிறது சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதே மேலாளர் வேறு விதமாகக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"போன மாதம் நீங்கள் செய்ததில், வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் முடிந்திருக்கக்கூடிய வேலை எது?"

"கிளைகளிலிருந்து வரும் விற்பனைப் பட்டியலை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் சார். ஒவ்வொரு கிளையும் தேதியை ஒவ்வொரு மாதிரி எழுதி அனுப்புகிறது. அதைச் சரிசெய்யவே மாதக் கடைசியில் இரண்டு நாள் போய்விடுகிறது."

"அவர்களிடம் சொல்லிப் பார்த்தீர்களா?"

"சொன்னேன் சார். உங்களிடமிருந்து மெயில் வந்தால்தான் மாற்றுவார்களாம்."

மேலாளர் எழுத வேண்டியது நான்கு வரி. அந்த நான்கு வரியால் குழுவின் மிகத் திறமையான ஒருவருக்கு மாதந்தோறும் இரண்டு நாள் மிஞ்சுகிறது. மேலாளரின் அதிகாரம் மட்டுமே நீக்கக்கூடிய இத்தகைய தடைகள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கின்றன. கேட்காதவரை அவற்றை யாரும் கொண்டுவந்து சொல்வதில்லை. திறமையானவர்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுவிடுவதால் சொல்வதே இல்லை. சந்திப்பில் ஒரு தடையை நீக்குவதாக ஒப்புக்கொண்டால் அடுத்த சந்திப்புக்குள் அதை நீக்கிவிடுங்கள், அல்லது ஏன் நீக்க முடியவில்லை என்பதைச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கத்தை விட்டுவிட்டால் மூன்றாவது சந்திப்பிலிருந்து அவர் எதையும் சொல்ல மாட்டார்.

சந்திப்பின் இன்னொரு பகுதி, அவருடைய வேலையை உண்மையிலேயே எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பது. "பிரமாதம்", "வழக்கம்போல் சூப்பர்" என்பவற்றையே கேட்டுப் பழகிய அவருக்கு, எந்த இடத்தில் இன்னும் மேம்படலாம் என்று சொல்ல ஒருவரும் இருப்பதில்லை. அவர் எழுதிய கொள்முதல் அறிக்கையை முன்கூட்டியே படித்துவிட்டு வந்து, "ஐந்தாம் பக்கத்தில் செலவு கூடியதற்கு மூலப்பொருள் விலையைக் காரணமாகக் காட்டியிருக்கிறீர்கள், அதே காலத்தில் நம் ஆர்டரின் அளவும் பாதியாகக் குறைந்திருக்கிறது, அதனால் போய்விட்ட தள்ளுபடி எவ்வளவு என்பதைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தால் இயக்குநர்கள் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு அங்கேயே பதில் இருந்திருக்கும்" என்று சொல்வது, பத்துப் பாராட்டுகளைவிட அவருக்குப் பயன்படும். தன் வேலையை ஒருவர் இவ்வளவு நெருக்கமாகப் படித்திருக்கிறார் என்பதே அவருக்குக் கிடைக்கும் பெரிய மரியாதை. அவருடைய துறை நுணுக்கம் உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரிந்த மூத்தவர் ஒருவரை மாதம் ஒருமுறை அந்த இடத்தில் உட்கார வையுங்கள். தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ள வேண்டாம்.

கொடுப்பதற்கு முன் குறையுங்கள்

வேலையை நன்றாக முடிப்பவருக்குக் கிடைக்கும் பரிசு பெரும்பாலும் இன்னும் அதிக வேலைதான். உதவி கேட்டுப் போகிறவர்களும் அவரிடமே போகிறார்கள். ராப் கிராஸ், ரெப் ரெபெல், ஆடம் கிராண்ட் ஆகிய மூவர் 2016-இல் எழுதிய கட்டுரை ஒன்றின்படி, நிறுவனங்களில் பயன்தரும் கூட்டுப்பணியில் 20 முதல் 35 சதவீதம் வரை வெறும் 3 முதல் 5 சதவீதப் பணியாளர்களிடமிருந்தே வருகிறது. இந்தச் சுமையைக் கவனிக்காமல் அவர்களைப் பயிற்சிக்கு அனுப்புவதும், புதிய திட்டத்தில் சேர்ப்பதும், குழுக்களில் உறுப்பினராக்குவதும் முதலீடு ஆகாது. சுமையின் மேல் ஏற்றிய சுமைதான்.

ஆகவே எதையும் சேர்ப்பதற்கு முன் அவரோடு உட்கார்ந்து, அவர் கையில் இருக்கும் நிரந்தர வேலைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். அவர் கலந்துகொள்ளும் கூட்டங்கள், அனுப்பும் வாராந்திர அறிக்கைகள், வழக்கத்தின் பேரில் அவரிடம் வந்து ஒப்புதல் பெறும் கோப்புகள், பழைய திட்டங்களிலிருந்து விடாமல் தொடரும் சந்தேகங்கள் எல்லாம் அதில் வர வேண்டும். அவற்றில் நிறுத்திவிடக்கூடியவை எவை, வேறொருவருக்கு மாற்றக்கூடியவை எவை, அவரே செய்தாக வேண்டியவை எவை என்று பிரியுங்கள். மாற்றும் வேலையை யார் ஏற்கிறாரோ அவருக்கும் அது ஒரு படி மேலான வேலையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், ஒருவரின் நேரம் மீள்வதோடு இன்னொருவரின் திறனும் வளரும். வேலையை மாற்றிக் கொடுக்கும் முதல் சில வாரங்களில் வேகம் குறையத்தான் செய்யும்; அதைப் பொறுத்துக்கொள்ளாமல் பழைய கைக்கே திருப்பித் தந்துவிட்டால் முயற்சி அத்தோடு நின்றுவிடும். பிற பிரிவுகளிலிருந்து அவருக்கு நேராக வரும் கோரிக்கைகளுக்கு "முடியாது" என்று சொல்லும் பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னால் அது பகையாகலாம். நீங்கள் சொன்னால் அது முன்னுரிமை.

வளங்களும் ஊதியமும்

நேரத்துக்கு அடுத்தபடியாகப் பணம், கருவிகள், அதிகாரம் ஆகியவை வருகின்றன. மெதுவாக இயங்கும் கணினியோ, வாங்கித் தராத மென்பொருள் உரிமமோ, கிடைக்காத தரவு அனுமதியோ சிறந்தவரைத் தடுத்துக்கொண்டிருந்தால் அதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் சிறியது; தாமதத்தால் ஆகும் செலவு பெரியது. ஒரு குறிப்பிட்ட தொகை வரை யாரிடமும் கேட்காமல் செலவிடும் உரிமையையும், ஒரு குறிப்பிட்ட வகைத் தீர்மானத்தை ஒப்புதல் இன்றி எடுக்கும் உரிமையையும் எழுத்தில் கொடுங்கள். பயிற்சியைப் பொறுத்தவரை, எல்லோருக்கும் பொதுவான இரண்டு நாள் வகுப்பைவிட, அவர் அடுத்ததாகச் செய்யப்போகும் வேலைக்கு நேரடியாக உதவும் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்க விடுவது மேல்.

ஊதிய விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வேறு நிறுவனத்தின் ஆஃபர் கடிதத்தைக் காட்டிய பிறகு சம்பளத்தை உயர்த்துவது, போகிறேன் என்று சொன்னால்தான் இங்கே மதிப்பு என்ற பாடத்தை முழுக் குழுவுக்கும் கற்பிக்கிறது. சந்தையில் அவருடைய வேலைக்கு என்ன ஊதியம் கிடைக்கும் என்பதை ஆண்டுதோறும் நீங்களே விசாரித்து, இடைவெளி இருந்தால் அவர் கேட்பதற்கு முன் ஹெச்.ஆர். பிரிவிடம் வாதாடுங்கள். முழுவதும் கிடைக்காமல் போனாலும் நீங்கள் முயன்றதை அவரிடம் மறைக்க வேண்டியதில்லை.

பதவி உயர்வைப் பரிசாகக் கொடுக்காதீர்கள்

சிறந்த விற்பனையாளரை விற்பனை மேலாளராக்குவது பல நிறுவனங்களில் கேள்வியே இல்லாத வழக்கம். ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ ஆகியோர் 131 அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவுகளில், அதிகம் விற்றவர்களே அதிகமாகப் பதவி உயர்வு பெற்றார்கள் என்பதும், முன்பு அதிகம் விற்றவர் மேலாளரானபோது அவருக்குக் கீழ் வேலை செய்தவர்களின் விற்பனை குறையும் போக்கு இருந்தது என்பதும் வெளிப்பட்டன. வேலையைச் செய்யும் திறனும், பிறரைச் செய்ய வைக்கும் திறனும் வேறு வேறு. மேலாளர் ஆகாமலேயே ஊதியத்திலும் மதிப்பிலும் உயர வழிசெய்யும் நிபுணர் பதவிகள் உங்கள் நிறுவனத்தில் இல்லையென்றால், அவற்றை உருவாக்கக் கோருவதே நீங்கள் செய்யக்கூடிய நீடித்த முதலீடு. அவருக்கு மேலாளராகும் விருப்பம் இருந்தால், முதலில் ஒரு புதியவரைப் பயிற்றுவிக்கவும், பிறகு மூன்று நான்கு மாதத் திட்டம் ஒன்றை வழிநடத்தவும் வாய்ப்புக் கொடுத்து, முடிவில் அந்த வேலை பிடித்திருந்ததா என்று அவரையே கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பழைய இடத்துக்குத் திரும்புவது தோல்வியாகக் கருதப்படாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?

இந்தக் கவலை நியாயமானது. சிறந்தவர்களுக்கு அதிக நேரம் என்றால் மற்றவர்களுக்கு நேரமே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. தனிச் சந்திப்பு, தெளிவான இலக்கு, நேர்மையான கருத்து, பாதுகாப்பான சூழல் ஆகியவை எல்லோருக்கும் உரியவை. இவற்றில் கைவைக்காமல், கூடுதலாக ஒதுக்க முடிந்த நேரத்தில்தான் வேறுபாடு காட்ட வேண்டும். அந்தக் கூடுதல் நேரம் எங்கிருந்து வரும் என்று பார்த்தால், பெரும்பாலும் நீண்ட காலமாக முன்னேற்றமே இல்லாத ஓரிரு சிக்கல்களிலிருந்துதான். ஒருவருக்குப் பலமுறை உதவியும் வேலை சரியாகவில்லை என்றால், வேறு பொறுப்பா, கால வரையறையுடன் கூடிய இறுதி வாய்ப்பா, விடைபெறுதலா என்பதை மரியாதையோடு தீர்மானிப்பது அவருக்கும் நல்லது. தீர்மானிக்காமல் வாரந்தோறும் அதே பேச்சைத் தொடர்வதால் இரு தரப்புக்கும் பயன் இல்லை.

சிறந்த ஒருவருடைய வளர்ச்சி அவரோடு நிற்பதில்லை. பியர் அசூலே தலைமையிலான ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்பாராமல் இறந்துபோன 112 முன்னணி உயிரியல் விஞ்ஞானிகளுடன் இணைந்து எழுதியவர்களின் வெளியீடுகள், தரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, 5 முதல் 8 சதவீதம் வரை குறைந்து அப்படியே நீடித்தன. இதற்கு மறுபக்கமும் உண்டு. போரிஸ் குரோய்ஸ்பெர்க்கும் அவருடைய சகாக்களும் 1988 முதல் 1996 வரை 1,052 நட்சத்திரப் பங்குச்சந்தை ஆய்வாளர்களைப் பின்தொடர்ந்தபோது, நிறுவனம் மாறியவர்களில் 46 சதவீதம் பேர் அடுத்த ஆண்டில் மோசமாகச் செயல்பட்டார்கள். தங்கள் குழுவோடு சேர்ந்து மாறியவர்கள் தனியாகப் போனவர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். ஒருவருடைய சிறப்பில் அவரைச் சுற்றியிருப்பவர்களின் பங்கு எவ்வளவு என்பதை இது காட்டுகிறது. எனவே அவருக்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு பகுதி அவரோடு இணைந்து வேலை செய்பவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும்: நடுநிலையில் இருக்கும் ஒருவரை அவருடைய திட்டத்தில் உண்மையான பொறுப்போடு சேர்ப்பது நல்ல வழி.

"அவருக்கு மட்டும் ஏன்?" என்று யாராவது நேராகக் கேட்டால் மழுப்பாதீர்கள். எந்த வேலையின் அடிப்படையில் அந்த வாய்ப்புப் போனது என்பதையும், கேட்பவர் அதே வாய்ப்பைப் பெற எதை, எவ்வளவு காலத்தில் செய்து காட்ட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் உங்கள் தெரிவில்தான் ஏதோ கோளாறு இருக்கிறது.

இருப்பவரிடம் கேளுங்கள்

வேலையை விட்டுப் போகிறவரிடம் காரணம் கேட்க எக்ஸிட் இன்டர்வியூ வைக்கிறோம். இருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறையாவது, அப்ரைசலோடு கலக்காமல், "இங்கே உங்களை இருக்க வைப்பது எது? போகலாமா என்று கடைசியாக எப்போது தோன்றியது, எதனால்?" என்று கேளுங்கள். வாதிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டங்களில் மாற்றுக் கருத்துச் சொல்வதை ஒருவர் நிறுத்திவிட்டார், அடுத்த ஆண்டுத் திட்டங்களைப் பற்றிப் பேசுவதைத் தவிர்க்கிறார் என்றால் அந்தப் பேச்சை அந்த வாரமே நடத்துங்கள்.

சில நேரங்களில் அவர் விரும்புவது வேறு பிரிவுக்கு மாறுவதாக இருக்கும். தம் குழுவின் டார்கெட்டை எண்ணி அதைத் தடுக்கும் மேலாளர், பெரும்பாலும் அவரை நிறுவனத்துக்கு வெளியே அனுப்பிவைக்கிறார். மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டு, பொறுப்பை ஒப்படைக்க நான்கு முதல் ஆறு வாரம் வரை கால அளவு வைத்து, அவர் இடத்துக்கு யாரைத் தயார்ப்படுத்தலாம் என்று அவரிடமே கருத்துக் கேளுங்கள். அவர் புதிய பிரிவில் சேர்ந்த பிறகும் முதல் மூன்று மாதங்களுக்கு மாதம் ஒருமுறை அரை மணி நேரம் பேசுங்கள். உங்களுக்குக் கீழ் இருந்தபோது சொல்லத் தயங்கிய குறைகளை அவர் அப்போதுதான் சொல்வார், அவற்றை அடுத்தவர் விஷயத்தில் சரிசெய்துகொள்ளலாம்.